வாடகை வண்டியும் நம் பிரேசர் டவுனும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் சுவைபடப் பேசி அமர்ந்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடு எழுதி நாளைக் கழிக்கும் நான், அத்தகைய புலமை மிக்க பேச்சுக்குப் பின் எதைப் பேசுவது என்று தயங்கினேன். செயலாளர் அவர்கள் விடவில்லை. “நீர் ரயில்காரர், வண்டிகளைப் பற்றிப் பேசும்” என்று கட்டளையிட்டுவிட்டார்.

ரயிலைப் பற்றிப் பேச எனக்கு விருப்பந்தான். ஆயின் ரயிலின் கதை நிலையத்து வாயிலோடு முடிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ இருநூற்றுப் பதினைந்து கல் தொலைவை அது சுகமாகக் கடத்திவிடும். மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் இறங்கி நிற்பவனுக்கு, வீடு வரை எஞ்சியுள்ள இரண்டு கல் தொலைவே பெரும்பாடு. அந்த இரண்டு கல் தொலைவை நூற்றைம்பது ஆண்டுகளாக நமக்குக் கடத்தித் தருகிறவர்கள் யார்? அவர்களைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் காலனி வாயிலில் உள்ள ஆட்டோ நிறுத்தத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்துகொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். முதலில் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பெங்களூர் நெடுங்காலம் ஒரே ஊராக இருந்ததில்லை. கெம்பே கவுடர் அமைத்த பேட்டை ஒரு புறம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைக்கு அமைத்த தண்டு ஒரு புறம். கண்டோன்மெண்டு என்பதைத்தான் நம் பாட்டன்மார் தண்டு என்றார்கள். இன்றும் பழைய மனிதர்கள் தண்டு ஸ்டேஷன் என்றே சொல்லக் கேட்கலாம். சென்னைப் படையைப் பின்தொடர்ந்து வந்த சமையற்காரர், சலவைக்காரர், ஒப்பந்தக்காரர், வணிகர் ஆகியோரோடுதான் இங்கே தமிழும் வந்தது. 1862-இல் பேட்டைக்கு ஒரு நகரசபையும் தண்டுக்கு ஒரு நகரசபையும் தனித்தனியே ஏற்பட்டன. 1881-இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட போதும், தண்டு மட்டும் ஆங்கிலேயர் ஆளுகையிலேயே நின்றது. 1947 ஜூலையில்தான் அது மைசூரோடு சேர்ந்தது. 1949-இல் இரு நகரசபைகளும் ஒன்றாகி மாநகராட்சி உருவாயிற்று.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த வெளியைக் கடப்பதற்கு வண்டி வேண்டியிருந்தது. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை புகைவண்டி வந்த பிறகு அந்தத் தேவை பன்மடங்காயிற்று. அதற்கு முன் சென்னையிலிருந்து மாட்டு வண்டியில் பல நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தவர்கள், தாம் வந்த வண்டியிலேயே வீட்டு வாயில் வரை போய் இறங்கினார்கள். புகைவண்டியோ அனைவரையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். எனவே, புகைவண்டி வந்ததால் குதிரை வண்டி ஒழிந்தது என்று எண்ணுவது பிழை. நெடுஞ்சாலையில் ஒழிந்தது உண்மை. ஊருக்குள் அது பெருகவே செய்தது. என் அலுவலகத்தில் இதைச் சொன்னால் நகைப்பார்கள். எனினும் நிலையத்து வாயிலில் வண்டிகள் நிற்காத ஊர் ஒன்றை அவர்கள் எனக்குக் காட்டியதில்லை.

அந்தக் குதிரை வண்டிக்கு ஜட்கா என்று பெயர். இந்துஸ்தானியில் ஜட்கா என்றால் வெட்டியிழுக்கும் குலுக்கல் என்று பொருளாம். ஒரு முறை ஏறியவனுக்கு அகராதி தேவைப்படாது. இரண்டு சக்கரம், வளைந்த கூடு, உள்ளே புல்லைப் பரப்பி அதன்மேல் ஒரு விரிப்பு, இவ்வளவுதான் வண்டி. பின்புறமாக ஏறிக் காலை மடக்கி அமரவேண்டும். பாரம் பின்னே சாய்ந்தால் குதிரை மேலே தூக்கப்படும். முன்னே சாய்ந்தால் அதன் முதுகு ஒடியும். ஆகையால் வண்டிக்காரர், “ஐயா கொஞ்சம் முன்னே வாங்க, அம்மா கொஞ்சம் பின்னே தள்ளுங்க” என்று சொல்லிக்கொண்டே பாரத்தைச் சமன்செய்வார். கூட்டமான தெருவில் மணி கிடையாது. சாட்டைக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் வைத்தால் எழும் கடகடவென்ற ஓசையே அவருடைய மணி.

இதையெல்லாம் நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தண்டு நிலையத்து வாயிலில் ஜட்கா ஓட்டியவர். நான் பிறக்கும் முன்னரே அவர் மறைந்தார்; பாட்டி சொல்லித்தான் அறிவேன். பாட்டியின் கதையில் குதிரையின் அழகைவிட ஒரு கணக்கே முதன்மையாக இருக்கும். வண்டியும் குதிரையும் லாயக்காரருக்குச் சொந்தம். அந்தி சாய்ந்து லாயத்தில் குதிரையைக் கட்டும்போது முதலில் கொடுக்க வேண்டியது லாயக்காரருடைய நாள் வாடகை. அதன் பின் கொள்ளுக்கும் புல்லுக்கும். மாதம் ஒரு முறை லாடத்துக்கு. எஞ்சியிருந்தால் வீட்டுக்கு அரிசி. மழை நாளில் சவாரி இல்லை, வாடகை உண்டு. “குதிரை தின்ற பிறகுதான் நாங்கள் தின்றோம்” என்பாள் பாட்டி. அதில் வருத்தம் இருந்ததாக நான் உணர்ந்ததில்லை. அது உலக நியதி என்பதுபோலச் சொல்வாள்.

நிற்க. நம் பிரேசர் டவுன் பிறந்த கதையும் இதனோடு தொடர்புடையது. 1898-ஆம் ஆண்டில் இவ்வூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான சந்துகளில் எலியும் மனிதரும் ஒன்றாக வாழ்ந்த இடங்களே பெரிதும் அழிந்தன. மக்களைக் காற்றோட்டமான இடங்களில் குடியேற்ற வேண்டும் என்று இரு நகரசபைகளும் முனைந்தன. பேட்டைப் பக்கத்தில் மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்தன. தண்டுப் பக்கத்தில் அகலமான தெருக்களோடும், வீடுகளுக்குப் பின்னே துப்புரவுச் சந்துகளோடும் எழுந்ததே நம் பகுதி. மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அதற்குச் சூட்டி 1910-இல் திறந்து வைத்தார்கள். பின்னர்ச் சாளுக்கிய வேந்தன் பெயரால் புலகேசி நகர் என்று அரசு பெயர் மாற்றிய போதிலும், நம் நாவில் பிரேசர் டவுனே நிற்கிறது.

இதில் நான் கருதிப் பார்ப்பது ஒன்று உண்டு. சந்தைக்கு அருகே சந்தில் வாழ்ந்தவன் எங்கும் நடந்தே போய்விடுவான். காற்றுக்காகத் தொலைவில் போய்க் குடியேறியவனுக்குக் காய்கறி வாங்கவும் வண்டி வேண்டும், கடைக்குப் போகவும் வண்டி வேண்டும், பிள்ளைப்பேற்றுக்கும் வண்டி வேண்டும். மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து நமக்கு அகலமான தெருவைத் தந்தார்கள். அந்தத் தெருவைக் கடப்பதற்குரிய கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. நகரம் ஒரு கல் தொலைவு விரியும்போதெல்லாம் வண்டிக்காரரின் தேவை ஒரு மடங்கு கூடுகிறது.

ரிக்ஷாவின் வரலாற்றையும் சற்றுக் காண்போம். அது நம் நாட்டில் தோன்றியதன்று. 1869-ஆம் ஆண்டளவில் ஜப்பானில், தோக்கியோ நகரில் தோன்றியது. ‘ஜின்ரிக்கிஷா’ என்பது அதன் முழுப்பெயர். மனித வலிமையால் ஓடும் வண்டி என்று பொருள். நாம் தலையை வெட்டிவிட்டு ‘ரிக்ஷா’ என்று வைத்துக்கொண்டோம். வெட்டுண்ட தலையில் இருந்த சொல் ‘மனிதன்’ என்பது. 1880-ஐ ஒட்டிச் சிம்லா மலைக்கு வந்தது; பின்னர்க் கல்கத்தாவில் சீனர்கள் அதனைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 1919-இல் அங்கு ஏற்பட்ட வாடகை வண்டிச் சட்டம் அதற்கு முறையான உரிமம் வழங்கியது. பீகாரிலிருந்து வந்த ஏழை உழவர்கள், வண்டி முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து இழுத்தார்கள். 1953-இல் வெளிவந்த பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ என்னும் இந்திப் படத்தைப் பார்த்தவர்கள் அதன் துயரத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடனில் மூழ்கிய இரண்டு பீகா நிலத்தை மீட்கக் கல்கத்தா சென்று ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதை அது.

சென்னையில் கை ரிக்ஷா நெடுங்காலம் ஓடியது. அந்நகரம் இவ்வகையில் விந்தையானது. 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடிய ஊர் அது. 1953-இல் டிராம் நின்றுபோயிற்று. மின்சாரம் ஓட்டிய வண்டி நின்ற பிறகும் மனிதன் இழுத்த வண்டி நிற்கவில்லை! 1971-இல் வெளிவந்த ‘ரிக்ஷாக்காரன்’ படத்தில் நடித்ததற்காக எம்.ஜி.ஆர். இந்தியாவின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது பெற்றார். அப்படம் வந்த இரண்டே ஆண்டுகளில், 1973-ஆம் ஆண்டில், முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு கை ரிக்ஷாவை ஒழித்தது. அந்த நடவடிக்கையில் நான் போற்றுவது ஒழித்ததை மட்டுமன்று. இழுத்தவர்களுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கியது. இழிவான வேலையை ஒழித்தோம் என்று சொல்லிவிட்டு, அதைச் செய்தவனைத் தெருவில் விட்டுவிடாமல், அவன் கையில் ஒரு வண்டியைச் சொந்தமாகக் கொடுத்தார்கள். அரசியல் கருத்து எதுவாக இருப்பினும் இதை நாம் மறுக்க முடியாது.

‘சொந்தம்’ என்ற இச்சொல்லை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பஞ்சாபில் 1975-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சைக்கிள் ரிக்ஷாவின் உரிமம், அதைத் தானே ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். நோக்கம் நன்று, வாடகைக்கு விடும் முதலாளியை ஒழிக்க வந்த சட்டம். ஆயின் வாடகைக்கு ஓட்டியவனிடம் வண்டி வாங்கப் பணம் ஏது? அவன் வேலையும் அல்லவா போய்விடும்? வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பில், சட்டத்தைத் தள்ளாமலும் தொழிலாளியைத் தள்ளாமலும், வங்கிக் கடன் மூலம் ஓட்டுபவர்களே வண்டிக்கு உரிமையாளராகும் வழி வகுக்கப்பட்டது. நீதிமன்றத்தின் வேலை சட்டத்துக்குப் பொருள் சொல்வது மட்டுமே என்று நினைத்திருந்த எனக்கு, இதைப் படித்தபோது பெரு வியப்பாயிருந்தது. 2025 ஆகஸ்டில்கூட, மராட்டியத்தின் மாத்தேரான் மலையில் மனிதன் இழுக்கும் ரிக்ஷாவை ஆறு மாதத்தில் ஒழித்து, இழுத்தவர்களுக்கு மின் ரிக்ஷா கிடைக்க வழி செய்யுமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. குடியரசாகி எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து!

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கரியை எரித்து அந்த வாயுவில் ஓடும் பஸ்களைத் தென்னாடு கண்டது. ஜட்காவுக்கு அது கடைசி நற்காலம். 1940-ஆம் ஆண்டில்தான் இங்குப் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி பஸ் ஓட்டத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1948-இல் டெலிபோன் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 1941-இல் ஏறத்தாழ நான்கு இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1951-இல் ஏறத்தாழ எட்டு இலட்சமாயிற்று. பத்தே ஆண்டில் ஊர் இருமடங்கு! 1956-இல் பஸ்களை அரசு மேற்கொண்டது, பி.டி.எஸ். என்று பெயர். அதில் கண்டக்டராக இருந்த இளைஞர் ஒருவர் பின்னாளில் ரஜினிகாந்த் ஆனதை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. 1997-இல் அது பி.எம்.டி.சி. ஆயிற்று. தர்மாம்புதி என்னும் ஏரி வற்றிய இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. மழைக்காலத்தில் அந்த ஏரி தன் இடத்தை நினைவூட்டத் தவறுவதில்லை.

பஸ் வந்தது; ஆயின் பஸ் பெருந்தெருவோடு நின்றுவிடும். பழைய இரண்டு கல் சிக்கல் ஒரு கல் சிக்கலாகக் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. அந்த ஒரு கல்லுக்கு வந்ததுதான் ஆட்டோ ரிக்ஷா. போரில் தோற்று நொடித்துப்போன இத்தாலி நாட்டில், முன்பு விமானம் செய்த பியாஜியோ நிறுவனம் 1946-இல் ‘வெஸ்பா’ என்ற ஸ்கூட்டரைச் செய்தது. வெஸ்பா என்றால் குளவி. 1948-இல் அதனோடு இன்னொரு சக்கரத்தைச் சேர்த்து மூன்று சக்கரச் சரக்கு வண்டியாக்கியது. அதற்கு ‘ஆப்பே’, அதாவது தேனீ, என்று பெயர். குளவியையும் தேனீயையும் வடிவமைத்த டஸ்கானியோ என்னும் பொறியாளர் அதற்கு முன் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்தவர். நம் ஓட்டுநர்கள் சிலர் வண்டியைச் செலுத்தும் வகையைப் பார்த்தால், அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை என்றே தோன்றுகிறது.

1950-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூர்த் தெருக்களில் ஆட்டோ ரிக்ஷா ஓடத் தொடங்கியது. 1959-இல் பஜாஜ் நிறுவனம் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை இந்நாட்டிலேயே செய்ய உரிமம் பெற்றது. அதன் பின் ஜட்காவின் நாள்கள் எண்ணப்பட்டன. என் பாட்டனார் ஆட்டோ கற்கவில்லை. “கொள்ளு தின்னாத குதிரையை எப்படி நம்புவது?” என்றாராம். லாயக்காரரோ குதிரைகளை விற்றுவிட்டு ஆட்டோக்களை வாங்கினாராம். முன்பு தம்மிடம் ஜட்கா ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்கே அவற்றை நாள் வாடகைக்கு விட்டாராம். இதைப் பாட்டி சொல்லும்போது நான் சிறுவன்; வேடிக்கையாகக் கேட்டேன். இப்போது நினைத்தால் நூறாண்டு நகர வரலாறே இதில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. குதிரை போய் எஞ்சின் வந்தது; கொள்ளு போய்ப் பெட்ரோல் வந்து, அதுவும் போய் எரிவாயு வந்தது; கறுப்பும் மஞ்சளுமாயிருந்த வண்டி பச்சையும் மஞ்சளுமாயிற்று. அந்தியில் முதலில் எடுத்து வைக்க வேண்டிய வாடகை மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

கன்னட நடிகர் சங்கர் நாக் 1980-இல் ‘ஆட்டோ ராஜா’ படத்தில் நடித்தார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் இவ்வூர் ஆட்டோக்களின் முதுகில் அவர் படத்தைக் காண்கிறோம். ராஜா என்ற பட்டம் இருக்கிறது. வண்டி சொந்தமா என்று கேட்டால் பலரும் புன்னகை செய்கிறார்கள். கடன் வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வாடகைக்குப் பதில் மாதத் தவணை. பெர்மிட் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு வைக்கும்போது, அந்தக் காகிதமே விலைபோகும் பொருளாகிவிடுகிறது. அது வண்டி ஓட்டாதவர் கையில் போய்ச் சேருவதும் உண்டு.

அண்மைக் காலத்தில் கைப்பேசிச் செயலிகள் வந்தன. வீட்டிலிருந்தபடியே வண்டியை அழைக்கலாம், நமக்கு நலம். ஆயின் சவாரிக்குச் சவாரி தரகு போயிற்று. பயணிகளிடம் மிகுதியாக வாங்குவதாக எழுந்த புகாரின் பேரில், 2022 அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை செயலிகளின் ஆட்டோ சேவையை நிறுத்தச் சொன்னதும், வழக்கு உயர்நீதிமன்றம் சென்றதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே ஆண்டு நவம்பரில், ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ‘நம்ம யாத்திரி’ என்ற செயலி இவ்வூரில் தொடங்கியது. அது சவாரிக்குத் தரகு பிடிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வைத்தது. தொகை சிறிதுதான், தரகைவிட எவ்வளவோ மேல். எனினும் ‘ஒரு நாளுக்கு’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பாட்டியின் லாயக்காரர் நினைவே வந்தது.

மெட்ரோவும் வந்துவிட்டது. 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே முதன்முதல் ஓடியது. நம் பகுதிக்கு அடியிலும், பாட்டரி டவுன், டேனரி ரோடு வழியாக நாகவாரம் வரை சுரங்கம் தோண்டினார்கள்; 2024-இல் தோண்டும் வேலை முடிந்தது. 2023 ஜூனிலிருந்து மகளிர்க்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. என் துணைவியார் அதனால் சிவாஜி நகர்ச் சந்தைக்கு வாரம் மும்முறை சென்று வருகிறார். மகிழ்ச்சியே. அதே காரணத்தால் பகற் சவாரி குறைந்தது என்பது ஆட்டோக்காரரின் குறை. அந்த ஆண்டு செப்டம்பரில் தனியார் வண்டிக்காரர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்ததில் இக்குறையும் ஒன்று. இரு பக்கமும் நியாயம் இருக்கும்போது தீர்ப்புச் சொல்ல நான் கிருஷ்ணய்யர் அல்லேன்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். அதில் கூறப்பட்டுள்ள குறைகள் பொய்யல்ல. அருகில் உள்ள இடத்துக்கு அழைத்தால் வர மறுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் ஒன்றரைக் கட்டணம் என்பது விதி. மழைத்தூறல் விழுந்தால் பகல் இரண்டு மணிக்கே இரவாகிவிடுகிறது. வாயிலை அடைத்து நிற்கிறார்கள். சத்தமிட்டுப் பேசுகிறார்கள். எனக்கும் அவர்களோடு சச்சரவு நேர்ந்ததுண்டு, நானும் கத்தியிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் அலுவலகம் விட்டு வரும்போது, அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் சற்று நின்று அவர்களில் ஒருவரிடம் கணக்குக் கேட்டேன். முதலில் ஐயத்தோடு பார்த்தார். பின்னர் விரல்விட்டுச் சொன்னார். 2025 ஆகஸ்டில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு முப்பத்தாறு ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்குப் பதினெட்டு என்று கட்டணம் நிர்ணயமாயிற்று. அவர் நாளைக்கு எத்தனை சவாரி போகிறார், அதில் வண்டிக்காரருக்கு எவ்வளவு, எரிவாயுவுக்கு எவ்வளவு, போக்குவரத்து நெரிசலில் நின்று எரியும் வாயு எவ்வளவு, பள்ளிக்கட்டணத் தவணை எவ்வளவு என்று வரிசையாக வந்தது. தொகைகளை மேடையில் சொல்ல அவர் விரும்பமாட்டார். நான் பதிவேடு எழுதுபவன், கூட்டிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி வரை அவர் ஓட்டுவது தமக்காக அன்று. அதன் பின்தான் அவருடைய நாள் தொடங்குகிறது. அருகில் உள்ள இடத்துக்கு ஏன் வருவதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. அது சரி என்று சொல்லவில்லை. விளங்கிற்று என்று மட்டுமே சொல்கிறேன்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அரசு ஓட்டுநர்களுக்கு ஒரு முறை ஐயாயிரம் ரூபாய் உதவி அறிவித்தது. அவருக்கு அது கிடைக்க ஆவணம் ஒன்று குறைந்ததாம். ஆனால் அந்த நாள்களில் நம் காலனியிலிருந்து இருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவை இந்த நிறுத்தத்து வண்டிகளே. அந்த இரு வீட்டாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்களா என்று நான் பார்க்கவில்லை.

அக்காலத்தில் ஜட்கா நிற்கும் இடத்தில் கல்லால் ஆன தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். குதிரைக்குத் தாகம் எடுக்கும் என்று ஊரார்க்குத் தெரிந்திருந்தது. வண்டி இருந்தால் அது நிற்க இடம் வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. ஓட்டுகிறவனுக்கு வண்டிதான் சொந்தமாகவில்லை. அது நிற்கும் மர நிழலையும் பறித்துவிட்டால் அவன் எங்கே போவான்? அடுத்த தெரு முனைக்குப் போவான். அந்தத் தெருவினரும் ஒரு விண்ணப்பம் எழுதுவார்கள். நாமோ நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு வாயிலில் நிற்போம்.

நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. வாயிலை விட்டுப் பத்தடி தள்ளி, நான்கு வண்டிகளுக்கு மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்போம். ஒரு தண்ணீர்ப் பானை வைப்போம். பானைக்குரிய செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பகலில் மீட்டருக்கு மேல் கேட்பதில்லை, காலனியிலுள்ள முதியோரைச் சிறு தொலைவுக்கும் மறுக்காமல் ஏற்றுவது என்று அவர்களிடம் வாக்குப் பெறுவோம். தவறினால் அந்த விண்ணப்பம் எங்கும் ஓடிப்போகாது; செயலாளரின் பெட்டியில்தான் இருக்கும்.

அவர்களிடம் பேசிவிட்டேன். நால்வர் வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நம் சங்க அறைக்கு வர இசைந்திருக்கிறார்கள். ஐந்து மணி என்பது அவர்களுக்கு நல்ல சவாரி நேரம். அதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை நிர்வாகக் குழுவினர் நினைவில் வைத்து, காலந்தாழ்த்தாமல் வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் என் வீட்டு எண்ணுக்கு எதிரே உள்ள கட்டம் அதுவரை வெறுமையாகவே இருக்கும்.